ஸ்டாக்ஹோம் மாநகராட்சி மாளிகை: நோபல் விருந்து, தங்க மண்டபம், தீராத சில குழப்பங்கள்

அக்டோபர் முதல் வாரத்தில் நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும்போதும், டிசம்பர் 10 அன்று அவை வழங்கப்படும்போதும், சுவர் முழுக்கத் தங்கம் மின்னும் ஒரு மண்டபத்தின் படமும், செங்கல் சுவர்களுக்கு நடுவே நீண்ட மேசைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து உண்ணும் இன்னொரு மண்டபத்தின் படமும் செய்திகளில் வலம் வருகின்றன. படத்துக்குக் கீழே, நோபல் பரிசு வழங்கப்படும் அரங்கம் என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு பெரும்பாலும் தவறு. இரண்டு படங்களும் ஸ்டாக்ஹோம் மாநகராட்சி மாளிகையில் எடுக்கப்பட்டவைதாம்; ஆனால் பரிசு அங்கே வழங்கப்படுவதில்லை. இதற்கிடையே ஆஸ்லோ நகரின் மாநகராட்சி மாளிகையும் செய்தியில் வந்துவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அந்த மாளிகைகளை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்தக் குழப்பத்தால் இடையூறு உண்டு.

எது, எங்கே நடக்கிறது?

முதலில் நிகழ்ச்சிகளைப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. அறிவிப்பு. அக்டோபரில் நடப்பது இது மட்டுமே. மருத்துவப் பரிசைக் கரோலின்ஸ்கா நிறுவனத்திலும், இயற்பியல், வேதியியல், பொருளியல் பரிசுகளை ஸ்வீடன் அரச அறிவியல் கழகத்திலும், இலக்கியப் பரிசை ஸ்வீடிஷ் அகாதமியிலும், அமைதிப் பரிசை ஆஸ்லோவில் உள்ள நோபல் நிறுவனத்திலும் அறிவிக்கிறார்கள். இதில் எந்த மாநகராட்சி மாளிகைக்கும் பங்கில்லை.

2. பரிசளிப்பு. ஆல்ஃபிரட் நோபல் 1896-இல் மறைந்த நாளான டிசம்பர் 10 அன்று, அமைதிப் பரிசு நீங்கலான மற்றவற்றை ஸ்வீடன் மன்னர் ஸ்டாக்ஹோம் இசை அரங்கத்தில் வழங்குகிறார். 1926 முதல், சில ஆண்டுகள் நீங்கலாக, விழா அங்கேதான் நடந்துவருகிறது. நோய்த்தொற்றுக் காலமான 2020, 2021 ஆண்டுகளில் மட்டும் நிகழ்ச்சியைச் சுருக்கி மாநகராட்சி மாளிகையில் நடத்தினார்கள். அந்த ஆண்டுகளின் காணொளிகளும் இன்றைய குழப்பத்துக்குத் தம் பங்கை ஆற்றுகின்றன.

3. விருந்து. அன்று மாலையே பரிசாளர்களும் அரச குடும்பத்தினரும் விருந்தினர்களும் மாநகராட்சி மாளிகைக்கு வருகிறார்கள். சாப்பாடு நீல மண்டபத்தில். நடனம் அதன் பிறகு மாடியிலுள்ள தங்க மண்டபத்தில்.

4. அமைதிப் பரிசு. இது நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில், அதே நாளில், அந்நகரின் மாநகராட்சி மாளிகையிலேயே வழங்கப்படுகிறது. ஸ்டாக்ஹோம் மாளிகையில் விருந்து மட்டும். ஆஸ்லோ மாளிகையில் பரிசளிப்பு. அங்கே விருந்து வேறோர் இடத்தில் நடக்கிறது.

1983-இல் இயற்பியல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும், சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் பதக்கம் பெற்றது இசை அரங்கத்தில். விருந்துண்டது நீல மண்டபத்தில். 2014-இல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட கைலாஷ் சத்யார்த்தியும் மலாலாவும் ஸ்டாக்ஹோமுக்கு அல்ல, ஆஸ்லோவுக்குச் சென்றார்கள்.

விருந்து இந்த மாளிகைக்கு எப்படி வந்தது?

1901-இல் நடந்த முதல் விருந்துக்கு மாளிகை ஏதும் தேவைப்படவில்லை. நூற்றுச் சொச்சம் பேர், கிராண்ட் ஹோட்டலின் ஒரு கூடத்தில் அடங்கிவிட்டார்கள். மாநகராட்சி மாளிகையோ 1923-இல்தான் திறக்கப்பட்டது. பின்னர் விருந்து அதன் தங்க மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. அழைக்கப்படுவோர் தொகை ஏறிக்கொண்டே போனதால் 1974-இல் கீழ்த்தளத்து நீல மண்டபத்துக்கு இறங்கியது. இன்று ஏறத்தாழ 1,300 பேர் அங்கே அமர்கிறார்கள். தங்க மண்டபம் விருந்துக்கூடம் என்ற தகுதியை இழந்தது அழகு குறைந்ததால் அல்ல, இடம் போதாமல்தான்.

இங்கே அடிப்படையான ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நோபல் அறக்கட்டளையின் கட்டடம் அல்ல, அரண்மனையும் அல்ல, அருங்காட்சியகமும் அல்ல. 101 உறுப்பினர்களைக் கொண்ட ஸ்டாக்ஹோம் மாமன்றம் கூடி விவாதிக்கும் இடம்; மாநகராட்சி அலுவலர்கள் அன்றாடம் கோப்பு பார்க்கும் அலுவலகம். அதன் அலங்காரமும், பார்வையாளருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளும் அந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை.

அலுவலகத்துக்கு ஏன் இத்தனை அலங்காரம்?

குங்ஸ்ஹோல்மன் தீவின் கிழக்கு முனையில், மேலாரன் ஏரியின் நீர் மோதும் கரையில், ஒரு காலத்தில் பெரிய மாவு ஆலை ஒன்று இருந்தது. 1878-இல் அது தீக்கிரையானது. அந்த நிலத்தில் நீதிமன்றக் கட்டடம் எழுப்பலாம் என்று முதலில் எண்ணிப் போட்டி நடத்தினார்கள். இறுதியில் நீதிமன்றம் வேறு இடத்துக்குப் போனது. அதைக் கட்டடக் கலைஞர் கார்ல் வெஸ்ட்மன் கட்டினார். ஏரிக்கரை நிலம் மாநகராட்சி மாளிகைக்கு என்று முடிவாகி, அந்தப் பணி இன்னொரு கட்டடக் கலைஞரான ராக்னர் ஓஸ்ட்பெர்க்கிடம் வந்தது. 1911-இல் தொடங்கிய கட்டுமானம், 1923 ஜூன் 23 அன்று, அதாவது ஸ்வீடனை டென்மார்க்கின் பிடியிலிருந்து விடுவித்த மன்னர் குஸ்தாவ் வாசா ஸ்டாக்ஹோமுக்குள் வெற்றியோடு நுழைந்து 400 ஆண்டுகள் நிறைந்த தறுவாயில், திறப்பு விழா கண்டது.

இந்த நாள் தேர்வு தற்செயலானதல்ல. அக்காலத்து ஸ்வீடன் கட்டடக் கலைஞர்களிடம் தேசியப் புனைவியல் என்று அழைக்கப்படும் ஒரு போக்கு ஓங்கியிருந்தது. கிரேக்க, ரோமானிய முன்மாதிரிகளை அப்படியே நகலெடுப்பதை விட்டு, சொந்த நாட்டின் இடைக்காலச் செங்கல் மரபையும் தேவாலயங்களையும் கோட்டைகளையும் முன்மாதிரியாகக் கொள்வதும், கைவினைக்கு முதலிடம் தருவதும் அதன் இயல்பு. ஓஸ்ட்பெர்க் இதையே வெனிஸ் நகர மாளிகைகளின் மீது தமக்கிருந்த காதலோடு கலந்தார். நீரை நோக்கித் திறந்த வளைவுகளில் வெனிஸ் தெரிகிறது. ஏறத்தாழ 80 லட்சம் சிவப்புச் செங்கற்களில் வட ஐரோப்பா தெரிகிறது. உச்சியில் மூன்று பொன் மகுடங்களைத் தாங்கிய 106 மீட்டர் கோபுரம், கோபன்ஹேகன் மாநகராட்சிக் கோபுரத்தைச் சற்றே விஞ்சும்படி திட்டமிடப்பட்டது என்பார்கள். அண்டை நகரங்களுக்கிடையே இப்படிப்பட்ட போட்டி எங்கும் உள்ளதுதான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நகரை ஆள்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டியிருந்த காலமும் அது. மன்னருக்கு அரண்மனை இருந்தது, திருச்சபைக்குப் பேராலயம் இருந்தது. நகரவாசிகளின் பிரதிநிதிகளுக்கு அவற்றுக்கு ஈடாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம், உள்ளே ஒவ்வொரு அறையிலும் வெளிப்படுகிறது.

நீல மண்டபம்: நீலம் இல்லாததன் காரணம்

முதலில் நுழையும் நீல மண்டபத்தில் நீலச் சுவர் எதுவும் இல்லை. எங்கும் செங்கல் சிவப்பு. ஓஸ்ட்பெர்க் முதலில் சுவர்களுக்குப் பூச்சு பூசி நீல வண்ணம் அடிக்கவே திட்டமிட்டிருந்தார். செங்கல் சுவர் எழுந்தபின் அதன் நிறத்தைக் கண்டு மனம் மாறி, பூச்சைக் கைவிட்டார். வரைபடங்களில் பதிந்துபோன பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பூச்சைக் கைவிட்டதால் வேலை குறையவில்லை, கூடியது. வெறும் செங்கல் சுவர், உள்மண்டபத்துக்குப் பொருந்தாத அளவுக்கு முரடாகத் தோன்றும். எனவே தொழிலாளர்கள் உளியும் சுத்தியலும் கொண்டு செங்கற்களின் முகப்பைக் கையால் கொத்தி, சுவர் முழுவதும் மென்மையான சொரசொரப்பைக் கொண்டுவந்தார்கள். அருகில் நின்று பார்த்தால் உளி பட்ட தடங்கள் ஒவ்வொரு கல்லிலும் தெரியும். மேலே வரிசையாக அமைந்த சாளரங்களிலிருந்து விழும் பகல் வெளிச்சம் அந்தத் தடங்களில் சிதறுவதால், இவ்வளவு பெரிய சுவர் கண்ணை உறுத்துவதில்லை. தங்கத்தைத் தேடி மாடிக்கு விரையும் பார்வையாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கட்டடக்கலை என்ற அளவில் இந்த மாளிகையின் சிறந்த பகுதி தங்க மண்டபம் அல்ல, இந்தச் செங்கல் முற்றம் என்றே சொல்ல வேண்டும்.

முற்றம் என்ற சொல்லை இங்கே அதன் நேர்ப்பொருளில் கொள்ளலாம். மாளிகையின் திட்டம் இரண்டு முற்றங்களைச் சுற்றி அமைந்தது. ஒன்று வானம் பார்த்தது. மற்றொன்று கூரை வேய்ந்தது. இரண்டாவதே நீல மண்டபம். தூண் வரிசையும் மேல்மாடத்து நடையும் உள்ள இத்தாலிய நகரச் சதுக்கத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்த அமைப்பு அது.

நோபல் விருந்தின் நாடகம் முழுவதும் அரங்கேறுவது இங்குள்ள அகன்ற படிக்கட்டில். விருந்தினர் வரிசை இறங்குவதும், பரிமாறுவோர் தட்டுகளோடு அணிவகுத்து வருவதும் அதன் வழியேதான். நீண்ட உடையும் குதிகால் உயர்ந்த காலணியும் அணிந்தவர்கள் தடுமாறாமல் இறங்கும்படி படிகளின் உயரத்தையும் அகலத்தையும் ஓஸ்ட்பெர்க் தம் மனைவியை நடக்கச் சொல்லிச் சோதித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். கதை எப்படியிருந்தாலும், படிகள் தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பது உண்மை. மேலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி இருக்கிறது. குழல்கள் உயரத்தில் பதிந்திருப்பதால் கீழே நிற்பவர்களுக்கு அது கண்ணில் படுவதே அரிது.

தங்க மண்டபம்: 1 கோடியே 80 லட்சம் துண்டுகள்

44 மீட்டர் நீளமுள்ள இந்த மண்டபத்தின் சுவர்களில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி, தங்க மொசைக் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. வடிவமைத்தவர் எய்னார் ஃபோர்செத். பணியை ஏற்றபோது அவர் முப்பது வயதைத் தாண்டாத ஓவியர். துண்டுகளை ஆக்கித் தந்தது பெர்லினைச் சேர்ந்த பூல்-வாக்னர் நிறுவனம்.

இது தங்கத் தகடு போர்த்திய சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது பின்வருமாறு:

1. அடிப்பகுதியாக ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். அதன் மேல் காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய பொன்னிலை விரிக்கப்படும்.

2. பொன்னிலையின் மேல் இன்னொரு மிக மெல்லிய கண்ணாடிப் படலம் வைத்து, சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். தங்கம் இரு கண்ணாடிகளுக்கு நடுவே சிறைப்படுகிறது. கை படாது, காற்று படாது. ஆகவே நூறாண்டு கடந்தும் மங்குவதில்லை.

3. அந்தப் பலகையைச் சிறுசிறு சதுரங்களாக வெட்டுவார்கள். அடிக்கண்ணாடியின் நிறத்தையும் மேற்படலத்தின் சாயலையும் மாற்றினால், ஒரே தங்கம் செம்மையாகவும் பசுமை கலந்தும் வெளிறியும் தோன்றும்.

4. துண்டுகளைச் சுவரில் ஒவ்வொன்றாகப் பதிப்பது பண்டைய பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின், முறை. பூல்-வாக்னர் போன்ற பட்டறைகள் பெருவாரியாகக் கையாண்டது வேறு முறை: ஓவியத்தை இடவலம் மாற்றித் தாளில் வரைந்து, துண்டுகளை முகம் கீழாக அதில் ஒட்டி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டடத்துக்கு அனுப்பி, ஈரச் சாந்தில் அழுத்தியபின் தாளை நனைத்து உரித்தெடுப்பது. கோடிக்கணக்கான துண்டுகள் கொண்ட சுவரை ஓரிரு ஆண்டுகளில் முடிக்க இந்த முறை இல்லாமல் முடிந்திருக்காது.

சுவர்களில் சித்திரிக்கப்பட்டிருப்பது ஸ்வீடன் வரலாற்றின் மாந்தரும் நிகழ்ச்சிகளும். ஆனால் கண்ணைப் பறிப்பது வடக்குச் சுவர். மேலாரனின் ராணி என்று பெயரிடப்பட்ட பேருருவம் அங்கே வீற்றிருக்கிறது. அவள்தான் ஸ்டாக்ஹோம். மடியில் நகரின் கட்டடங்களை ஏந்தியிருக்கிறாள். ஒருபுறம் ஈபிள் கோபுரமும் சுதந்திரச் சிலையும் உள்ள மேற்குலகம், மறுபுறம் பிறைக் கொடியும் யானையும் உள்ள கீழையுலகம், இரண்டும் அவளை நோக்கி வந்து வணங்குகின்றன. 1923-இல் ஸ்டாக்ஹோம் உலகத்தின் நடுவில் இருந்ததாக வேறெவரும் கருதியதில்லை. ஒரு நகரம் தன் சொந்தச் சுவரில் தன்னை எப்படி வரைந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

திறந்த புதிதில் இந்த ராணி பலத்த கண்டனத்துக்கு ஆளானாள். உருண்டு விழித்த கண்கள், பாம்புபோல் நெளியும் கூந்தல், அளவுக்கு மீறிப் பெரிய கைகால்கள்: அழகியாக இருக்க வேண்டிய நகரத்தாய் இப்படியா என்று கேட்டார்கள். பைசாந்திய மொசைக் உருவங்களின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. தொலைவிலிருந்து, மங்கிய விளக்கொளியில் பார்க்கப்படும் உருவத்துக்குப் பெரிய கண்ணும் தடித்த கோடும் தேவை. இயல்பான அளவில் வரைந்த முகம் தங்கப் பின்னணியில் கரைந்துவிடும்.

இன்னொரு சுவரின் உச்சியில், நகரின் காவல் புனிதரான எரிக், குதிரை மீது தலையில்லாமல் அமர்ந்திருக்கிறார். சுவரின் உயரத்தைக் கணக்கிட்டதில் ஏற்பட்ட பிழையால் தலை கூரைக்கு மேலே போய்விட்டது என்று சொல்லப்படுகிறது. மரபுக்கதைப்படி எரிக் தலை வெட்டப்பட்டு இறந்தவர் என்பதால், இந்தப் பிழைக்கு ஒரு விளக்கமும் தயாராகக் கிடைத்துவிட்டது.

மற்ற அறைகள்

மாமன்றக் கூடத்தின் கூரை, கவிழ்த்துவைத்த வைக்கிங் கப்பலின் உட்புறம்போல, மர உத்தரங்கள் வெளியே தெரியும்படி 19 மீட்டர் உயரத்தில் எழும்புகிறது. உத்தரங்களுக்கு இடையே வானம் தெரிவதுபோல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பார்வையாளர் மாடம் ஒன்றும் உண்டு; மாமன்றக் கூட்டம் நடக்கும்போது பொதுமக்கள் அங்கே அமர்ந்து விவாதத்தைக் கேட்கலாம். நூற்றுவர் வளைவுக்கூடம் என்ற பகுதியின் விதானம் நூறு பிரிவுகள் கொண்டது. திறப்பு விழாவின்போது உறுப்பினர் எண்ணிக்கை நூறு. இன்று ஒருவர் கூடியிருக்கிறார், விதானம் கூடவில்லை.

நீள்வட்ட அறையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் பொவே நகரில் நெய்யப்பட்ட திரைச்சீலைகள் சுவரை மூடியுள்ளன. அங்கே பதிவுத் திருமணங்கள் நடக்கின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சடங்கு. வெளியே அடுத்த இணையர் காத்திருப்பார்கள். இளவரசர் கூடத்தின் நீண்ட சுவரில் உள்ள ஸ்டாக்ஹோம் கரைகளின் சுவரோவியத்தை வரைந்தவர், மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் மகனும் தேர்ந்த நிலக்காட்சி ஓவியருமான இளவரசர் யூஜின். எதிரே சாளரங்களில் ஏரி தெரியும். சாளரத்துக்கு முதுகு காட்டி அமரும் விருந்தினரும் நீர்க்காட்சியை இழக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

ஆஸ்லோ மாளிகை எப்படி வேறுபடுகிறது?

ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்கும் மக்னுஸ் பூல்சனும் வடிவமைத்த ஆஸ்லோ மாளிகையின் வேலை 1931-இல் தொடங்கி, போரால் தடைபட்டு, 1950-இல்தான் திறப்பு விழாவைக் கண்டது. அந்த இடைவெளி அதன் சுவர்களில் பதிந்திருக்கிறது. ஆல்ஃப் ரோல்ஃப்சனின் சுவரோவியம், 1940 முதல் 1945 வரை நாஜிகளின் பிடியில் நார்வே பட்ட பாட்டைச் சொல்கிறது. ஹென்ரிக் சோரென்சனின் ஏறத்தாழ 24 மீட்டர் அகலமுள்ள எண்ணெய் ஓவியம் உழைப்பையும் நிர்வாகத்தையும் கொண்டாட்டத்தையும் காட்டுகிறது. ஸ்டாக்ஹோமில் மன்னர்களும் புனிதர்களும். இங்கே மீனவரும் தொழிலாளரும் தலைமறைவுப் போராளிகளும். 27 ஆண்டுகள் இடைவெளியில் திறக்கப்பட்ட இரு கட்டடங்களுக்கு இடையே காலம் இவ்வளவு மாறியிருக்கிறது. அமைதிப் பரிசு 1990 முதல் இந்தச் சுவர்களுக்கு நடுவே வழங்கப்படுகிறது. அதற்கு முன் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபத்தில் வழங்கப்பட்டது.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு இதன் விளைவுகள்

1. ஸ்டாக்ஹோம் மாளிகையின் உட்பகுதியை வழிகாட்டியுடன் மட்டுமே, கட்டணம் செலுத்தித்தான் பார்க்க முடியும். சுற்று முக்கால் மணி நேரம் அளவில் முடிகிறது. தனியே உலவ அனுமதியில்லை, ஏனெனில் பக்கத்து அறைகளில் அலுவல் நடந்துகொண்டிருக்கும். ஆஸ்லோ மாளிகையின் பெருமண்டபத்துக்குக் கட்டணம் இல்லை.

2. கூட்டமோ வரவேற்போ இருந்தால் ஓர் அறையோ முழு மாளிகையோ முன்னறிவிப்போடு மூடப்படும். மாமன்றம் கூடும் நாளில் மாமன்றக் கூடம் சுற்றில் சேராது. பயணத் தேதியைத் தீர்மானிக்கும் முன் மாளிகையின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

3. நோபல் விருந்தைக் காணலாம் என்று டிசம்பர் இரண்டாம் வாரத்தில் செல்வது பயனற்றது. விருந்துக்கு அழைப்பிதழ் இன்றி நுழைய முடியாது. ஏற்பாடுகளுக்காக மாளிகை மூடப்பட்டிருக்கும். விருந்தின் சுவையை மட்டும் விரும்புவோருக்கு, மாளிகையின் அடித்தளத்து உணவகம் பழைய நோபல் விருந்துகளின் உணவுப் பட்டியலை விலைக்குப் பரிமாறுகிறது. விலை அதிகம்.

4. கோபுரம் கோடை மாதங்களில் மட்டும் திறந்திருக்கும். அதற்குத் தனிச் சீட்டு. உச்சி வரை 365 படிகள். மின்தூக்கி பாதி உயரம் வரையே செல்லும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டும். ஏரிக்கரைத் தோட்டத்துக்கும் திறந்த முற்றத்துக்கும் கட்டணம் ஏதுமில்லை.

5. சுரங்க ரயிலில் வருவோர் ரோட்ஹூசெட் என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்து, இதுதான் மாநகராட்சி மாளிகை என்று இறங்கிவிடுகிறார்கள். ஜெர்மன் மொழியில் இதையொத்த ராட்ஹவுஸ் என்ற சொல் மாநகராட்சி மாளிகையையே குறிப்பதால், ஜெர்மனி சென்று வந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம். ரோட்ஹூசெட் என்ற பெயர் இங்கே குறிப்பது வெஸ்ட்மன் கட்டிய நீதிமன்றத்தை. மாளிகையின் பெயர் ஸ்டாட்ஸ்ஹூசெட். மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி ஏரியை நோக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் கோபுரமே வழி காட்டிவிடும்.